காற்றுப் படாத அறை

1

இதை எழுதத் தொடங்கும்போது மின்சாரம் இருக்கிறது. முடிக்கும்போது இருக்குமோ தெரியாது. மத்தியானம் றேடியோவில் சொன்னார்கள்: தென்மேற்கிலிருந்து பெருங்காற்று வருகிறது, முற்றத்தில் கிடக்கிற சாமான்களைக் கட்டிவையுங்கள், அறுந்து விழுந்த கம்பிகளைத் தொடாதீர்கள். அறிவிப்பாளரின் குரலில் பதற்றமே இல்லை. பஸ் பிந்தி வரும் என்று சொல்கிற அதே குரல்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இந்தக் காற்றை எப்படிச் சொல்வது? ஆடியில் அங்கே சோளகம் வீசும். பனைகளைப் பிடித்து உலுப்பும், கிணற்றடி வாழையைக் கிழிக்கும். அதே திசையிலிருந்துதான் இதுவும் வருகிறது. ஆனால் இது பனிக்கட்டிக் கண்டத்தில் பிறந்த சோளகம். எங்கள் கொல்லைப்புற வேலிக்கும் தென்துருவத்துக்கும் நடுவில் ஒரு தீவும் நிறையக் கடலும்தான் இருக்கின்றன. அவ்வளவு தூரமும் தடுக்க ஒரு சுவரில்லாமல் ஓடிவந்த காற்று முதலில் முட்டிக்கொள்வது எங்கள் வீட்டுச் செங்கல்லில்தான் என்று எனக்கு ஒவ்வொரு வருஷமும் தோன்றும். பயமா என்று கேட்டால் பயம் இல்லை. கோயில் தேர் அசைகிறபோது பிடரியில் ஒரு கூச்சம் வருமே, அது.

மெல்பேண் நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில், மல்கிரேவ் என்ற இந்தப் புது ஊருக்கு நாங்கள் வந்து ஐந்து வருஷம். நேற்றுவரை தோட்டமாகக் கிடந்த நிலம். மரம் பிடுங்கிய குழிகள் சில இன்னும் மூடப்படவில்லை. எனக்கு வேலை, வடிகால்களுக்குப் படம் வரைவது. மழைநீர் எந்தத் தெருவில் விழுந்து எந்த ஓடையில் சேரவேண்டும் என்று கோடு போடுகிறவன் நான்.

காலையிலிருந்து ஆயத்தம். ஏணி வைத்து ஏறி, கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலிக்குள் அடைத்துக் கிடந்த யூக்கலிப்டஸ் இலைகளை வாரி எடுத்தேன். குப்பைத் தொட்டியைத் தூணோடு கட்டினேன். றேடியோவுக்குப் புது பற்றரி. மனைவி தவமணி இரண்டு பிளாஸ்க்கில் கொதிநீர் நிரப்பி வைத்தாள். நாலு றப்பர் சுடுநீர்ப்பைகள் கதிரையில் வரிசையாகத் தொங்குகின்றன. மண்ணெண்ணெய் அடுப்பு வெளியே, கார் நிறுத்துகிற கொட்டிலில்; அது வாசல்படி தாண்டக்கூடாது என்பது சட்டம். எல்லோரும் ஒரே அறையில் கம்பளிக்குள் படுப்பது என்றும், அந்த அறையின் யன்னல் இரண்டு விரல் அகலம் திறந்தே இருப்பது என்றும் தீர்மானம்.

குளிருக்கு ஆயத்தம் செய்கிறவன் யன்னலை ஏன் திறந்து வைக்கிறான் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் மகன் நிமலனுக்குப் பதினான்கு மாதம். வியாழக்கிழமை அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். மேசையில் ஒரு படிவம் கிடக்கிறது. பெற்றோர் நிரப்புவது. தானாக உட்காருகிறானா? ஓம், பத்தாம் மாதம்தான். பெயர் சொன்னால் திரும்புகிறானா? சிலவேளை. மற்றவர்கள் செய்வதைப் பார்த்துத் தானும் செய்கிறானா?

இந்தக் கேள்விக்கு எதிரே உள்ள பெட்டி இரண்டு கிழமையாக வெறுமையாக இருக்கிறது. பேனையை எடுப்பேன், வைப்பேன். தவமணி அந்தப் பக்கமே பார்ப்பதில்லை.

2

போன வருஷம் வைகாசியில் அவன் பிறந்தான். மூத்தவள் சுகந்திக்கும் அவனுக்கும் எட்டு வயது இடைவெளி. எனக்கு நாற்பத்தைந்து, தவமணிக்கு முப்பத்தெட்டு. கேளாமல் வந்த வரம். இங்கே வைகாசி என்றால் குளிர் கதவைத் தட்டுகிற மாதம்.

பிள்ளை பெற்றவள்மீது காற்றுப் படக்கூடாது. நீங்கள் எல்லோரும் அறிந்ததுதான். காதுக்குப் பஞ்சு, தலைக்குத் துணி, அறைக்குள் தணல், தணலில் ஓமம். காயச்சரக்கு அரைத்துக் கொடுக்க இங்கே ஆளில்லை. பாவட்டை இலை அவித்து வார்க்க மரமும் இல்லை. இல்லாதவற்றுக்கெல்லாம் ஈடாக இந்த ஒன்றையாவது முழுதாகச் செய்துவிடவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி பிடித்தது. காற்று மட்டும் படவிடமாட்டேன்.

ஆனால் இந்த நாட்டு வீட்டில் ஒரு விசித்திரம். ஒவ்வொரு அறையிலும் கூரைக்கு ஒரு சாண் கீழே, தபாலட்டை அளவில், வலை போட்ட துவாரம். மூடுவதற்குக் கதவும் இல்லை, மடலும் இல்லை. இரவும் பகலும் அதற்குள்ளால் குளிர் ஊதிக்கொண்டேயிருக்கும். கட்டியவன் வேலையை முடிக்காமல் போய்விட்டான் என்று நினைத்து கவுன்சிலுக்கு ஒரு முறைப்பாடு எழுதினேன். எண்ணிப் பதினாறு துவாரம், அளவுகளோடு, படம் வரைந்து. மூன்று வரியில் பதில் வந்தது: அவை விதிப்படி இருக்கவேண்டியவை, அடைக்கக்கூடாது.

இலங்கையில் பதினைந்து வருஷம் அரசாங்கக் கந்தோரில் இருந்தவன் நான். ஆளை விலக்கிவிடுவதற்காக அடிக்கிற மூன்று வரிக் கடிதத்தை நானே எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறேன். இதுவும் அந்த இனம் என்று மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன்.

குழந்தைநல நிலையத்துத் தாதி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பிள்ளை படுக்கிற அறையில் யன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், நல்ல காற்று வரட்டும் என்றாள். தவமணி தலையாட்டினாள். தாதி வாசல் படலை தாண்டியதும் இருவரும் சிரித்தோம். “இவைக்குப் பிள்ளையும் ஒண்டு, பூச்சாடியும் ஒண்டு” என்றாள் தவமணி.

ஊரிலிருந்து கப்பலில் மூன்று மாதம் பிந்தி வருகிற பழைய தமிழ்ப் பேப்பர்கள் ஒரு கட்டு இருந்தது. கோதுமைமாவுப் பசை காய்ச்சி, பேப்பரை நனைத்து உருட்டி, பதினாறு துவாரத்தையும் அடைத்தேன். யன்னல் விளிம்புகளுக்குக் கபில நிறத் தாள் ஒட்டினேன். கதவின் கீழே துவாய் சுருட்டி வைத்தேன். ஏணியிலிருந்து இறங்கிக் கையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். எங்கும் அசைவில்லை. தண்ணீர் வெளியேற வழி வரைந்து சம்பளம் வாங்குகிறவன், காற்றுக்கு ஒரு வழியும் விடாமல் முடித்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்று மகிழ்ந்தேன்.

3

அது ஒரு சனிக்கிழமை. பிள்ளைக்கு நாற்பதாம் நாள். மத்தியானம் இரண்டு மணிபோல மேற்கே வானம் கன்றிப்போய், வெளிச்சம் ஈய நிறமாக மாறியது. பிறகு காற்று வந்தது. முதலில் வேலியை அழுத்திப் பார்த்தது. பிறகு பக்கத்துத் தெரு யூக்கலிப்டஸ் மரத்தின் கொப்பு ஒன்று முறிகிற சத்தம், துவக்குச் சூடுபோல. மின்கம்பத்தில் ஒரு நீலத்தீ துள்ளி விழுந்தது. வீடு முழுதும் ஒரே நொடியில் ஊமையானது. ஹீற்றர், அடுப்பு, சுடுதண்ணீர், எல்லாமே மின்சாரம். அரை மணித்தியாலத்தில் சுவர் குளிர்ந்துவிட்டது.

நான் கலங்கவில்லை. ஆயத்தமாகத்தானே இருந்தேன். இங்கத்தையவர்கள் வெளியில் வைத்து இறைச்சி வாட்டுகிற சின்ன இரும்பு அடுப்பு ஒன்று வாங்கி வைத்திருந்தேன். கொட்டிலில் வைத்து மரக்கரி போட்டு மூட்டினேன். புகை முழுதும் போகும்வரை பொறுமையாக விசிறினேன். புகைதானே கெடுதல்? சாம்பல் பூத்துச் சிவந்த தணலாக அது மாறியபிறகே உள்ளே கொண்டுவந்து, தவமணியும் பிள்ளையும் படுத்திருந்த அறையில் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தேன். அவள் ஒரு பிடி ஓமம் போட்டாள். அந்த மணம் எழுந்தபோது, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த ஒரு வீடு சத்தமில்லாமல் வந்து எங்களைச் சுற்றி உட்கார்ந்தது போலிருந்தது. “இப்பதான் பிள்ளைப்பெத்த வீடு மாதிரிக் கிடக்கு” என்றாள்.

சுகந்தி அங்கே இல்லை. அவள் வழக்கம்போல அடுத்த வீட்டு டொறீனிடம் போயிருந்தாள். டொறீன் அறுபது வயது, தனி மனுசி, ஐந்தடி உயரம், ஆண்பிள்ளைச் சப்பாத்து. அவளிடம் விறகடுப்பும், ஒரு நாயும், முடிவில்லாத பிஸ்கற்றும் இருந்தன. சுகந்தியை அவள் ‘சூ’ என்று கூப்பிடுவாள். நாங்கள் சுகந்தி என்று கூப்பிட்டால் வராத பிள்ளை, சூ என்றால் வேலி பாய்ந்து ஓடும். அது எனக்குள் ஒரு முள்.

எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியாது. அது பிறவிக் குணம். வெளியே அப்படி ஒரு காற்று ஆடிக்கொண்டிருக்க, நான் அறைக்குள் தணல் காய்வதா?

“ஒருக்கா வெளியால பாத்திட்டு வாறன்.”

“இந்தக் காத்துக்குள்ளயோ? உங்களுக்கு விசர்” என்றாள் தவமணி, கண்ணை மூடிக்கொண்டே. “கதவை வடிவாச் சாத்திட்டுப் போங்கோ.”

வடிவாகச் சாத்திவிட்டுத்தான் போனேன். துவாயையும் கீழே சரிசெய்துவிட்டு.

ஓடைக்கரை மேட்டில் நின்றேன். நான் படம் வரைந்த ஓடை அது. கோட்டுக்குள் நிற்காமல் கரைபுரண்டு போனது. புல்வெளி முழுவதும் ஒரே திசையில் படுத்து, எழுந்து, மறுபடி படுத்தது, யாரோ பெரிய கையால் தடவுவதுபோல. மஞ்சள் கொண்டை வெள்ளைக் கிளிகள் ஒரு நூறு, காற்றை எதிர்த்துப் பறக்கமுடியாமல், ஆனால் இறங்கவும் மனமில்லாமல், வானத்தில் அப்படியே நின்றன. நான் வாயைத் திறந்தால் என் மூச்சையும் சேர்த்து அது பறித்துக்கொண்டு போனது. இவ்வளவு காற்று உலகத்தில் இருக்கிறதா என்று எண்ணினேன். சத்தியமாக அதைத்தான் எண்ணினேன். ஒரு மணித்தியாலம் நின்றிருப்பேன்.

திரும்பியபோது டொறீன் எங்கள் வாசலில் நின்றாள். கையில் ஒரு பெரிய உலோக பிளாஸ்க். விறகடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்தாளாம், பிள்ளைக்காரிக்குத் தேவைப்படும் என்று கொண்டுவந்தாளாம். நன்றி சொல்லி உள்ளே கூட்டிப்போனேன். அறைக் கதவைத் திறந்தேன். கதகதவென்று இருந்தது. தவமணி பிள்ளையை அணைத்தபடி கிடந்தாள். இருவர் கன்னமும் சிவந்து மினுங்கின. நல்ல நிறம் வந்துவிட்டது, தணல் வேலை செய்கிறது என்று நான் டொறீனிடம் பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன்.

அவள் தணலைப் பார்த்தாள். கன்னங்களைப் பார்த்தாள். அண்ணாந்து துவாரத்தில் அடைத்திருந்த தமிழ்ப் பேப்பரைப் பார்த்தாள். அடுத்த கணம் அந்த பிளாஸ்க் என் காதருகே பறந்து யன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போனது.

“அவுட்” என்றாள். கத்தவில்லை. “எல்லாரும் அவுட்.”

பிள்ளையை அவள் தூக்கினாள். அவன் கை துணிபோலத் தொங்கியது. அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. தவமணியை நான் கக்கத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அவள் கால்கள் நடக்கவில்லை. பின்முற்றத்தில் மழைப் புல்லின்மேல் அவளைக் கிடத்தினேன். டொறீன் நட்டநடுவில் நின்று, பிள்ளையின் போர்வையை உரித்தெறிந்து, அவன் முகத்தைத் தென்மேற்கே திருப்பிப் பிடித்தாள். நாற்பது நாளாக நான் ஒரு இழை படவிடாத காற்று, துருவத்திலிருந்து வந்த அந்தக் காற்று முழுவதும், அவன்மீது மோதியது. அது போதாதென்று அவளும் அவன் வாயில் ஊதினாள். ஊதினாள். சுகந்தி வேலியருகில் வெறுங்காலோடு நின்றாள். எனக்கு ஒரு தேவாரமும் ஞாபகம் வரவில்லை.

பிறகு அவன் அழுதான். கீச்சென்று, பூனைக்குட்டியைப்போல.

4

எரிகிற கரியிலிருந்து ஒரு நஞ்சு வருகிறதாம். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. புகை போனாலும் அது போகாது. டொறீன் பிறந்தது தெற்குக் கரையில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில். தகப்பனோடு வேலைசெய்த ஒருவரை, கன்னம் ரோசாப்பூப்போலச் சிவந்திருக்க, பலகையில் தூக்கிவந்ததைப் பத்து வயதில் பார்த்தவள். ஐம்பது வருஷமாக அந்த நிறத்தை அவள் மறக்கவில்லை. இதெல்லாம் ஆஸ்பத்திரி வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். கார் ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவள்தான்.

தவமணி முகமூடிக்குள்ளால் நெடுநேரம் மூச்செடுத்தபிறகு கண்ணைத் திறந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு கையால் கட்டிலைத் தடவினாள்.

“பிள்ளைக்குக் காத்துப் பட்டிட்டுதோ?” என்று கேட்டாள்.

“ஓம்” என்றேன். “நல்லாப் பட்டிட்டுது.”

அவள் அழுதாள். நான் சொன்னதை அவள் எந்த அர்த்தத்தில் எடுத்தாள் என்று இன்றுவரைக்கும் கேட்கவில்லை.

பிறகு படிவங்கள். துவாரங்களை அடைத்தது யார் என்று ஒன்றில் கேட்டிருந்தது. நான் என்று எழுதி, அடைப்புக்குள் தகப்பன் என்றும் எழுதினேன். கவுன்சிலிலிருந்து ஒரு இளம் உத்தியோகத்தர் வந்து, ஏணியில் ஏறிப் பதினாறையும் பார்த்தார். நான் உரித்தெடுத்துச் சுத்தமாக்கியிருந்தேன். என்னுடைய முறைப்பாட்டுக் கடிதம் அவர் கோப்புக்குள் இருந்தது, படத்தோடு. படம் நல்லாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

பெரியவர்கள் தப்பினால் தப்பினதுதான், குழந்தை மூளைக்கு என்ன நடந்தது என்று இப்போது சொல்லமுடியாது என்றார் டாக்குத்தர். காத்திருந்து பார்க்கவேண்டும். சிரிக்கிறானா, திரும்புகிறானா, உட்காருகிறானா. எல்லாவற்றையும்விட, எட்டு, ஒன்பது மாதமானால் மற்றவர்களைப் பார்த்துச் செய்கிறானா. கை தட்டினால் தட்டுகிறானா. அதைக் கவனியுங்கள் என்றார்.

ஒரு வருஷம் கவனித்தோம். ஊரில் பிள்ளை வளர்வதை யாரும் இப்படிப் பார்ப்பதில்லை. அது பாட்டுக்கு வளரும். நாங்கள் பரீட்சை மண்டபத்துக் காவலர்கள்போல அவனைச் சுற்றி நின்றோம். நான் கை தட்டுவேன்; அவன் என் கையைப் பார்ப்பான், அழகாகப் பார்ப்பான், அவ்வளவுதான். தவமணி நாக்கை நீட்டிக் காட்டுவாள். சுகந்தி நாய்போலக் குரைப்பாள். அவன் எங்கள் எல்லோரையும் ஒரு பெரிய மனுசனின் பொறுமையோடு பார்த்துக்கொண்டிருப்பான்.

தவமணி என்னைக் குற்றம் சொல்லவேயில்லை. அது எனக்குப் பெரும் பாரமாக இருந்தது. பங்குனியில் ஒருநாள் அவனுக்குச் சோறு தீத்திக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னாள்: “ஊரில எண்டால் அந்த நஞ்சு ஓட்டுக்குள்ளால போயிருக்கும். நீங்கள் செய்தது அங்க சரி. இங்கதான் பிழை.” சோற்றை அடுத்த கவளம் உருட்டினாள். “கதவைச் சாத்தச் சொன்னது நான்தானே” என்றாள்.

நம்முடைய வீடுகளை அன்று முதல்முறையாக நினைத்து வியந்தேன். ஓட்டு இடுக்கு, முகட்டு வளை, வேலி, கிடுகு, சாத்தாத கதவு. மூச்சுவிடத் தெரிந்த வீடுகள். அதனால்தான் அவற்றுக்குள் இருந்துகொண்டு காற்றுப் படக்கூடாது என்று நாம் தாராளமாகச் சொல்லமுடிந்தது.

5

மறுநாள் காலை எழுதுகிறேன். நேற்று ஐந்தரைக்கு மின்சாரம் போய்விட்டது. அப்போதே இருட்டு. சுடுநீர்ப்பைகளை நிரப்பி, நாலு பேரும் அறைக்குள் கம்பளியைப் போர்த்துக்கொண்டு கூடினோம். யன்னல் இரண்டு விரல் திறந்திருந்தது. வெளியே காற்று தன் பாட்டில் உலகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தட்டில் ஒரு மெழுகுதிரி.

சுகந்தி தம்பிக்குச் சோறு தீத்தினாள். பிளாஸ்க் தண்ணீரில் கரைத்த சுடுசோறு. ஒவ்வொரு கரண்டியையும் அவன் முகத்துக்கு நேரே வைத்து, உதட்டைக் குவித்து ஊதி ஆற்றிவிட்டுக் கொடுத்தாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தாறு கரண்டி போயிருக்கும். அவன் மெழுகுதிரிப் பக்கம் தவழ்ந்தான். சுவாலை ஒருமுறை சரிந்தது. பிறகு அணைந்தது.



“காத்தோ?” என்றாள் தவமணி.

“நோ, அம்மா. அவன்தான்” என்றாள் சுகந்தி. “ஹி ப்ளூ இற்.”

“யன்னல் திறந்து கிடக்கு. காத்தாத்தான் இருக்கும்” என்றேன். எனக்கு நம்பப் பயமாக இருந்தது.

விளக்கை வாயால் ஊதக்கூடாது என்பது தவமணி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த கட்டளை. சுவாமி விளக்கைப் பூவால்தான் அமர்த்துவாள். சுகந்தியின் ஒன்பதாவது பிறந்தநாளில் கேக்கின்மேல் எரிந்த மெழுகுதிரிகளை ஊதவிடாமல் விரலால் ஒவ்வொன்றாக அணைக்கச் சொல்லி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்னால் மகள் அழுது, அந்தக் கோபம் மாதக்கணக்கில் வீட்டுக்குள் நின்றது. அதை நினைத்துத்தானோ என்னவோ, சுகந்தி நெருப்புப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

“திருப்பிக் கொளுத்து, பிள்ளை” என்றாள் தவமணி.

கொளுத்தினாள். நான் தட்டை யன்னலிலிருந்து தள்ளி வைத்து, அந்தப் பக்கத்தை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டேன். சுவாலை நிமிர்ந்து நின்றது, அசையவில்லை. நிமலன் அக்காவைப் பார்த்தான். அவள் கரண்டியில்லாமல், சோறில்லாமல், வெறுமனே உதட்டைக் குவித்துக் காட்டினாள். அவன் முகம் முழுவதும் ஒரு புள்ளிக்குச் சுருங்கியது. எச்சிலும் மூச்சுமாக ஒன்று புறப்பட்டது. என் உள்ளங்கையில் அதன் ஈரம் பட்டது.

இருட்டு. இருட்டுக்குள் அவன் சிரிக்கிற சத்தம்.

“இன்னொருக்கா” என்றாள் தவமணி.